அப்பாவின் இடது கன்னம்

ஆகஸ்ட் 4, திங்கள்

கடையில் புது வேலை. ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்க நாங்கள் பயன்படுத்தும் இணையதளத்தில் இதுவரை இலவசப் பதிப்புதான் வைத்திருந்தோம். அண்ணாச்சி இன்று காலை கட்டணப் பதிப்பை ஒரு மாதச் சோதனைக்கு எடுத்துவிட்டார். ஏஐ, ஏஐ என்கிறார்களே, அது கட்டணத்தில் என்னவெல்லாம் செய்கிறது, இலவசத்தில் எதோடு நின்றுவிடுகிறது, நம் கடைக்கு எது போதும். இரண்டையும் வைத்துப் பார்த்து நான் எழுதிக் கொடுக்க வேண்டும். படிச்ச புள்ள, நீ எழுதினா ஒரு முறையா இருக்கும் என்றார்.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம். விருதுநகரில் அதற்கு இதுதான் முறை.

முதல் சோதனை, காதணி விழாக் குழந்தை ஒன்றின் படம். இலவசம்: பின்னணியை நீக்காது. நானே ஓரம் ஓரமாக வெட்ட வேண்டும். கட்டணம்: ஒரே சொடுக்கு. பின்னணி போனது. கூடவே ஒரு காதும் போனது.

அச்சு இயந்திரத்தின் பக்கமிருந்து ஜாகிர் எட்டிப் பார்த்தான். மிச்சக் காதிலேயே ரெண்டு கம்மலையும் மாட்டிவிடு என்றான்.

செண்பகம் அக்கா கல்யாணம் அடுத்த மாதம் இதே தேதி.  


ஆகஸ்ட் 6, புதன்

எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் வசதி. குத்துவிளக்கு கேட்டேன். மேசை விளக்கு வந்தது. விளக்கிக் கேட்டேன். தேவாலய மெழுகுவர்த்தி. இலவசத்தில் சில முறைக்குப் பிறகு போதும் என்று சொல்லிவிடுகிறது. கட்டணத்தில் அலுக்காமல் தப்பாகத் தருகிறது.

எதற்கு இந்த ஒப்பீடு என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் என்று ஆரம்பித்தார். நாளைக்கு நீ ஒரு பக்கம் கிளம்பிப் போயிட்டேன்னு வை, ஜாகிரே தட்டிக்கிற மாதிரி இருக்கணும்ல.

நான் எங்கும் கிளம்புவதாகச் சொல்லவில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

ஹைதராபாத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். ஆய்வு மாணவனாகச் சேரச் சம்மதம் என்றால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். திறந்தேன். மூடினேன். படிக்காதது என்று மறுபடி குறியிட்டு வைத்தேன்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

அருப்புக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ரத்தினவேல் அத்தான், அவருடைய அம்மா காந்திமதி அத்தை. அத்தையின் கணவர் கூச்சக்காரர், காரிலிருந்தே இறங்கவில்லை. அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அக்கா அடுப்படியிலேயே நின்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர்கள் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பது மரியாதை.

மண்டப வாசலில் வைக்கிற பேனரை நான்தான் செய்கிறேன். அதைப் பற்றிப் பேச்சு வந்தது. காந்திமதி அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க பக்கம் நாங்க ரெண்டு பேரும் ஜோடியா நிக்கிற படம் குடுத்திருக்கோம். உங்க பக்கமும் அண்ணனும் மதினியுமா ஜோடியாப் போட்ருங்க தம்பி. மஸ்கட்டுல இருந்து வர முடியாட்டியும் படமாச்சும் வாசல்ல நிக்கட்டும்."

அம்மா, அதுக்கென்ன மதினி, அனுப்பச் சொல்லிருவோம் என்றாள். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். கல்யாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது இது. கம்பெனியில் லீவு கிடைக்காது, இதுவும் தரகர் சொன்னதுதான். அம்மா மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததில் மெல்ல மெல்ல அது எங்கள் வீட்டு உண்மை ஆகிவிட்டது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா வேலைக்கென்று திருப்பூர் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு எண் மாறியது. பிறகு எண் இல்லை.

அழைப்பிதழில் 'திரு. சவுந்தரபாண்டி – திருமதி. தமயந்தி' என்று அடித்தாகிவிட்டது. பெயரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள்.


ஆகஸ்ட் 11, திங்கள்

பேனருக்கு ஒரு பூகோளம் உண்டு. நடுவில் மணமக்கள். இரண்டு பக்கமும் பெற்றோர், ஜோடி ஜோடியாக. கீழே மாமன், சித்தப்பா, நண்பர்கள், சின்னச் சின்ன முகங்களாக. மேல் மூலையில் வட்டத்துக்குள் விளக்கோடு இருப்பவர்கள் இறந்தவர்கள். ரோட்டில் வண்டியில் போகிறவனுக்குக்கூட யாரும் விளக்க வேண்டியதில்லை.

இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு அதில் இடம் கிடையாது.

வீட்டில் படம் தேடினேன். கல்யாண ஆல்பம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்கிறாள் அம்மா. எனக்குத் தெரிந்து நாங்கள் வீடு மாறவே இல்லை. சொல்லவில்லை.

கிடைத்தது ஒன்றே ஒன்று. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்த கூட்டப் படம். பின்வரிசையில் அப்பா. தோளில் நான், ஐந்து வயது. விழுந்துவிடாமல் இருக்க அவர் முகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறேன். என் கை அவருடைய இடது கன்னத்தை முழுக்க மூடியிருக்கிறது. கண்ணில் பாதியையும்.

அக்காவும் அந்தப் படத்தில் இருக்கிறாள். கேமராவைப் பார்க்காமல் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு.


ஆகஸ்ட் 13, புதன்

தேவையில்லாததை அழிக்கும் வசதி. ஒப்பீட்டுக்கு ஏதாவது ஒரு படம் வேண்டும். அப்பா இருக்கும் கூட்டப் படத்தையே எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு எந்தப் படமாக இருந்தால் என்ன.

என் கையைத் தேய்த்து அழித்தேன்.

இலவசம்: கை போன இடத்தில் ஒரு சேறு. தோளின் நிறமும் சுவரின் நிறமும் குழைந்து கிடந்தன. அதற்கு அடியில் முகம் ஒன்று இருந்தது என்று அதற்குத் தெரியவில்லை.

கட்டணம்: முகம் இருந்தது என்று தெரிந்திருக்கிறது. கன்னம் வைத்தது. கண் வைத்தது. யாருடையதோ. வலது பாதி அப்பா, இடது பாதி வங்கி விளம்பரத்தில் சிரிக்கும் ஆள்.

சட்டென்று மூடிவிட்டேன்.  


ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்ற பேனர்கள். வேறு எதுவும் நினைக்க நேரமில்லை. நல்ல நாள்.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஒவ்வொரு முறையும் நான்கு முகம் தருகிறது. பிடிக்கவில்லை என்றால் இன்னும் நான்கு. முதலில், இது அவர் இல்லை என்று உடனே தெரிந்தது. பத்துப் பதினைந்து முகங்களுக்குப் பிறகு அந்தத் தெளிவு போய்விட்டது. எல்லாமே கொஞ்சம் அவராக இருந்தன. எதுவுமே அவராக இல்லை. வலது பாதியையும் இப்போது சந்தேகமாகத்தான் பார்க்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். அப்பாவுக்குக் கன்னத்தில் மச்சம் ஏதாவது உண்டா என்று. அரிசி களைந்துகொண்டிருந்தாள். உண்டு என்றாள். எந்தப் பக்கம் என்றேன். தண்ணீரை வடித்துவிட்டு, எனக்கென்ன தெரியும், பக்கத்துல நின்னவளுக்கு ஒரு பக்கந்தானே தெரியும் என்றாள்.

அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கு அவரு முதுகுதான்டா ஞாபகம் இருக்கு. சைக்கிள்ல பின்னாடியே உக்காந்து போவேன்ல. சட்டைல ஒரு இடத்துல தையல் விட்டிருக்கும். அத வேணா வரஞ்சு காட்டச் சொல்லு."

சொல்லிவிட்டுத் துவைத்த துணியை மடிக்கப் போனாள். சிரித்தபடிதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். படம் வந்துருச்சா என்று. நெட்வொர்க் சரியில்லையாம் மதினி என்றாள் அம்மா. எந்த ஊர் நெட்வொர்க் என்று சொல்லவில்லை.


ஆகஸ்ட் 21, வியாழன்

கட்டணப் பதிப்பில் ஒரு வசதி உண்டு. இலவசத்தில் பூட்டுப் போட்ட படமாக மட்டும் தெரியும். 'மாதிரிப் படம்' ஒன்றை நாம் கொடுக்கலாம். இந்த முகம் எந்த முகத்தைப் போல இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்து அது புரிந்துகொள்ளும். ஒரு மாதிரிப் படம் கொடுத்தேன். கடைக் கழுவறைச் சுவர் பின்னணியில், நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. வயதை ஐம்பத்தைந்துக்குத் தள்ளச் சொன்னேன். காதோர நரை, மீசை. வெள்ளைச் சட்டை.

வந்தது.

நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாகிர் பின்னால் வந்து நின்றான். உங்கத்தாவா என்றான், அப்பாவை அவன் அத்தா என்றுதான் சொல்வான். ஆமாம் என்றேன். நல்லா இருக்காருடா, மஸ்கட் ஒத்துக்கிருச்சு என்றான். அவனிடமும் மஸ்கட் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். போனை வாங்கி முந்தானையால் திரையைத் துடைத்தாள். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

அனுப்பு என்றாள்.

சாப்பிடும்போது இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நாளைக்கு எத்தனை மணிக்குக் கடைக்குப் போவாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டாள். தினமும் ஒரே நேரம்தானே என்றேன். அது சரி என்றாள்.


ஆகஸ்ட் 23, சனி

காந்திமதி அத்தைக்கு மகிழ்ச்சி. குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு, மீசை மட்டுந்தான் வித்தியாசம் என்று. அண்ணன் அப்பா, தம்பி நான். கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறார்: அண்ணன்ட்ட ஒரு வார்த்தை போன்ல பேசணும், நம்பர் அனுப்புங்க.

அம்மா அந்தச் செய்தியை மூன்றாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். ரயில்வே பீடர் ரோட்டில் ஒரு நடை. திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். எங்க போன, சொல்லாம என்றாள். டீ குடிக்க என்றேன்.

ஷிஃப்ட் மாறி மாறி வருதாம், அவரே கூப்புடுவாராம் என்று பதில் போட்டிருக்கிறாள்.


ஆகஸ்ட் 25, திங்கள்

அறிக்கைக்காக இன்னொரு குறிப்பு. சோதனைக் காலம் முடிந்ததும் கட்டண வசதியில் செய்த பாகங்களை மட்டும் தளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. திரையில் நன்றாகத்தான் தெரியும். பதிவிறக்கினால் அந்தப் பாகத்தின் மேல் குறுக்குக் கோடுகள் விழுந்து வரும். பணம் கட்டினால் கோடு போகும். அண்ணாச்சியிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.


ஆகஸ்ட் 28, வியாழன்

அக்கா சண்டை போட்டாள். பேனரில் அந்த முகம் வேண்டாமாம். அம்மாவை மட்டும் தனியாகப் போட்டால் என்ன என்றாள். தனியாகப் போட்டால் கேள்வி வரும் என்றேன். வரட்டும் என்றாள். கல்யாணம் நின்றுவிட்டால் என்றேன்.

"இதுக்கெல்லாம் நிக்கிற கல்யாணம்னா நிக்கட்டும். ஆனா நிக்காது. நீ அவுகட்ட எதுவும் பேசாத, பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

எப்படி இவ்வளவு நிச்சயமாக இருக்கிறாள் என்று புரியவில்லை. பயம் எனக்குத்தான். அவளுடைய கல்யாணம். பயப்பட வேண்டியது அவள்தான்.

அம்மாவிடம் போய்க் கேள் என்றேன். அம்மா பக்கத்து அறையில் பட்டுப் புடவைக்குப் பூச்சி உருண்டை வைத்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும்டி என்றாள், உள்ளே இருந்தபடியே. இத்தன வருசத்துக்கு ஒரு நாள் பக்கத்துல நிக்கட்டும்.




ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாதக் கடைசி. ஹைதராபாத்துக்கு, சம்மதம் என்று எழுதிய பதில் வரைவில் கிடந்தது. கரண்ட் போய் வந்தது. வந்தபோது வரைவில் இல்லை, அனுப்பியவற்றில் இருந்தது. விரல் பட்டிருக்கும்.

கல்யாணம் முடியட்டும். யாரிடமும் இப்போது சொல்வதற்கில்லை.


செப்டம்பர் 2, செவ்வாய்

பேனர் தயார். நடுவில் அக்காவும் அத்தானும். வலப்பக்கம் காந்திமதி அத்தை ஜோடி. இடப்பக்கம் அம்மா. அம்மா பக்கத்தில் அவர். மற்ற எல்லோருடைய படத்தையும் நானே கையால் வெட்டினேன். யாருக்கும் காது போகக் கூடாது.

பதிவிறக்கவில்லை. எங்கள் கடையில் கல்யாண பேனரை அச்சுக்குப் போகும் நிமிடம் வரை பதிவிறக்க மாட்டோம். கடைசி நேரத்தில் எப்படியும் ஒரு மாமன் வருவார், என் பேரு எங்க என்று. பதிவிறக்கி வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப அடித்து அழுத அனுபவம் அண்ணாச்சிக்கு உண்டு. ஆகவே தளத்திலேயே கிடக்கட்டும், மெஷின் சூடானதும் இறக்கு என்பது சட்டம்.

ஜாகிரிடம் கடவுச்சொல் கொடுத்திருக்கிறேன். நாளை நான் மண்டபத்தில் இருப்பேன்.


செப்டம்பர் 3, புதன்

இதை மண்டபத்துப் பின்பக்கம், பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நிச்சயத் தாம்பூலம் மாற்றத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுவார்களா என்று ஒரு மணி நேரம் முன்பு வரை தெரியாது.

மத்தியானம் எதிர்பார்த்த மாமன் வந்தார். அம்மாவின் சித்தப்பா மகன், சாத்தூர். பேர் இல்லையா என்றார். போனிலேயே சேர்த்தேன். இறக்கி அடித்துவிடு என்று ஜாகிருக்குச் சொன்னேன். பிறகு சமையல்காரருக்குத் தேங்காய், மேடைக்கு நாற்காலி, வாசலுக்கு வாழை மரம்.

சாயங்காலம் ஜாகிர் பேனரோடு வந்து மூங்கில் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தான். நான் வாசலுக்கு வந்தேன். எல்லோரும் இருந்தார்கள். நல்ல நிறம். அக்காவின் சிரிப்பு சரியாக விழுந்திருந்தது. அம்மா. அம்மாவின் பக்கத்தில் அவர்.

அவர் முகத்தின் மேல் மட்டும் கோடுகள். சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும். நெற்றியிலிருந்து கழுத்து வரை.

சோதனைக் காலம் இன்று முடிந்துவிட்டது. நானே எழுதி வைத்திருந்தேன்.

இறக்குறப்ப ஏதோ கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன் என்றான் ஜாகிர். கோட்டைப் பார்க்கலையா என்றேன். பார்த்தானாம். "நீ வேணுன்னே போட்டதுன்னு நெனச்சேன்டா. நீதான் அப்பப்ப இந்த மாதிரி புரியாததா எதாச்சும் பண்ணுவியே." அவனைக் கோபிக்க முடியவில்லை.

கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அருப்புக்கோட்டை வேன் வந்து நின்றுவிட்டது.

காந்திமதி அத்தைதான் முதலில் இறங்கினார். பேனரைப் பார்த்தார். முதலில் மகனை, பிறகு தன்னை, பிறகு சம்பந்தியை. நின்றார். கிட்டே போய்ப் பார்த்தார். அம்மா பன்னீர்ச் செம்போடு வாசலுக்கு வந்திருந்தாள். அத்தை அவளுடைய முழங்கையைப் பிடித்துப் பேனரின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போக முடியவில்லை.

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. கம்பி போட்ட மாதிரி இருக்கே. அண்ணன் அங்க… உள்ள இருக்காரா?"

எனக்குப் புரியவே ஒரு கணம் ஆயிற்று. சிறையைக் கேட்கிறார். மஸ்கட் சிறையை. கேட்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். ஆமாம் என்று சொன்னால்கூட நம்பி, அழுது, அணைத்துக்கொள்வார் போலிருந்தது. இன்னொரு பொய் கைக்கெட்டும் தூரத்தில், தயாராக இருந்தது.

அம்மா செம்பை என் கையில் கொடுத்தாள்.

"மஸ்கட்டும் இல்ல, ஜெயிலும் இல்ல மதினி. ஒம்போது வருசமா எங்க இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாது. இருக்காரான்னும் தெரியாது. இது அவரு மூஞ்சி இல்ல. இது எம்மகன் மூஞ்சி. வயசாக்கி வச்சிருக்கான்."

 அத்தை பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோடுகளுக்குப் பின்னால் இருந்ததைத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி.

வேனிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ரத்தினவேல் அத்தான் அதை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்மா. பொண்ணு பாத்த வாரமே செண்பகம் சொல்லிருச்சு."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். பெத்தவளுக்குத்தான் தெரியக் கூடாது, என்ன?"

"உன்ட்டச் சொன்னா அருப்புக்கோட்டைக்கே சொன்ன மாதிரில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். ஒம்போது வருசமும் ஒத்தையிலயா என்றார். அம்மா தலையை அசைத்தாள். இதை மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன மதினி, நான் என்ன கடிச்சா தின்னுருவேன் என்று அத்தை ஆரம்பித்தார், ஆரம்பித்ததை முடிக்கவில்லை. வேனிலிருந்து மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கண் இருந்தது.

கழட்டிருவோமா அத்தை என்றேன். கழற்றினால் வாசல் வெறுமையாக இருக்கும், கல்யாண வீடு அது என்றார். படத்து மேல ஒரு மாலையைத் தொங்க விட்டா மறைஞ்சுரும் என்று ஜாகிர் நல்ல எண்ணத்தில் சொன்னான். அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். மாலை போட்டால் அவர் இறந்துவிடுவார்.

அத்தை வாசலைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா, அந்த வாழ மரத்த அவுத்து இந்தப் பக்கமா தள்ளிக் கட்டு. இன்னும் கொஞ்சம். எல இங்கிட்டு விழுகட்டும். ம், போதும்."

ஒரு பெரிய இலை குறுக்கே விழுந்தது. அம்மா முழுசாகத் தெரிந்தாள். அவள் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. காற்று அடித்தபோது இலை விலகி வலது பாதி தெரிந்தது. இடது கன்னம் மறைந்தே இருந்தது.

இப்போது உள்ளே கூப்பிடுகிறார்கள். அப்பா இடத்தில் நின்று சாத்தூர் மாமா தாம்பூலத் தட்டை வாங்கப் போகிறார். பேர் சேர்த்தது வீண்போகவில்லை.


செப்டம்பர் 4, வியாழன்

தாலி கட்டியாயிற்று. அக்கா அழவில்லை. நான் சாம்பார் வாளியோடு ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன்.


செப்டம்பர் 6, சனி

அண்ணாச்சியிடம் அறிக்கை கொடுத்தேன். இலவசம் நமக்குப் போதும், பின்னணியைக் கையால் வெட்டிக்கொள்ளலாம். கட்டணம் வேகமானது. இல்லாததையும் நிரப்பித் தரும், அதனால் முகங்களுக்கு வேண்டாம். அதை நிறுத்தினால் கொடுத்ததன் மேல் கோடு போட்டுவிடும். இதைத்தான் பல வரிகளில் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஏன்டா, காதைப் பத்தியே ஒரு பக்கம் எழுதிருக்கியே என்றார். மடித்துக் கல்லாவில் போட்டார். கட்டணப் பதிப்பையே எடுக்கப் போகிறாராம். ஜாகிருக்கு அதுதான் சுளுவு என்றார், என்னைப் பார்க்காமல்.

வீட்டில் அம்மா மட்டும். அக்கா இல்லாத வீட்டில் இரண்டு தட்டு. நான் ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"என்னைக்குக் கிளம்புற?"

எங்கே என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். அக்காவுக்கே தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது.

"யாரும் சொல்லல. அன்னைக்குப் போன்ல காட்டுனேல்ல, அந்தப் படத்துலயே தெரிஞ்சுச்சு. கெளம்பப் போற மூஞ்சி அது. நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்."

விசிறி சுற்றியது. இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும் என்றேன். ஹைதராபாத் என்றேன். ஆய்வு, உதவித்தொகை, விடுதி என்று தேவைக்கு மேல் சொன்னேன். விடுமுறைக்கு வந்துவிடுவேன் என்றேன். அந்த வாக்கியம் இந்த வீட்டில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்க வேண்டும். பாதியில் என் குரல் தானாகக் குறைந்தது.

அவள் முழுவதும் கேட்டாள். மோர் ஊற்றினாள்.

"போ. சொல்லிட்டுப் போ. அவ்வளவுதான். நம்பர் மாத்துனா அன்னைக்கே சொல்லு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள்.

"உங்க கடைல ஒரு போட்டோ எடுத்துட்டு வா. பெருசா. கோடு கீடு இல்லாம."


செப்டம்பர் 8, திங்கள்

ஜாகிர் எடுத்தான். அச்சு இயந்திரத்தின் முன்னால், பின்னால் யாரோ ஒருவருடைய காதணி விழா பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தை லேசா ஏஐயில் தட்டி விடவா, கண்ணு கலங்குன மாதிரி இருக்கு என்றான்.

வேண்டாம் என்றேன்.

பின்னணி நீக்கட்டுமா என்றான். அதையும் வேண்டாம் என்றேன்.

இரண்டு காதும் இருக்கின்றன. இடது கன்னம் முழுசாக விழுந்திருக்கிறது. கண்ணுக்குக் கொஞ்சம் கீழே கடுகளவில் ஒரு மச்சம். எனக்கு அங்கே மச்சம் இருக்கிறது என்பதையே நான் இத்தனை நாள் கவனித்ததில்லை.

அம்மா கையில் கொடுத்தேன். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கந்தான்" என்றாள்.